‘நேத்து மீன்!’ என்று கூவி விற்றவர்

எதையும் மறைக்கத் தெரியாத ஒரு மனிதர் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் ஏன் மறைத்தார்? நான்கு வருடங்களாக யோசித்தும் எனக்கு விடை கிடைக்கவில்லை. மறைத்ததால் அவருக்கு ஒரு நன்மையும் இல்லை. சொல்லியிருந்தால் வெட்கப்பட வேண்டியவள் நான் மட்டும்தான்.

அவருடைய பெயர் எனக்குத் தெரியாது. எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. அண்ணனை நாங்கள் காக்கா என்போம், அக்காவை ராத்தா என்போம். அதனால் அவர் எல்லோருக்கும் மீன்காரக் காக்கா.

கல்முனைக்குடியில் எங்கள் தெருவுக்குக் காலையில் மூன்று நான்கு மீன்காரர்கள் வருவார்கள். எல்லோரிடமும் மோட்டார் சைக்கிள், பின்னால் கட்டிய ரெஜிபோம் ஐஸ் பெட்டி. ஒருவர், "துடிக்குது, துடிக்குது!" என்று கூவிக்கொண்டு போவார். இன்னொருவர், "உயிர் மீன்! உயிர் மீன்!" என்பார். அந்த மீனுக்கு உயிர் போய் ஒரு நாள் ஆகியிருக்கும். நம்முடைய காக்கா மட்டும் தெரு முனையில் ஹோர்னை அடித்துவிட்டு, "பாதி இண்டைக்கு மீன்! பாதி நேத்து மீன்!" என்று கூவுவார்.

முதல் தடவை கேட்டபோது என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவர் எங்கள் தெருவுக்கு வரத் தொடங்கியிருந்த நேரம், எனக்குக் கல்யாணமாகி இரண்டு மாதம். எங்கள் ஊர் வழக்கப்படி கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். ஆகவே நான் பிறந்து வளர்ந்த அதே தெருவில், உம்மாவின் வீட்டுக்குப் பக்கத்திலேயே எனக்கும் ஒரு வீடு. ஆனால் வாசலுக்குப் போய் மீன் வாங்கும் பொறுப்பு அன்றுதான் என் கைக்கு வந்திருந்தது. தலையில் சால்வையைச் சரிசெய்துகொண்டு, பெரிய குடும்பப் பெண்போலப் போய் நின்றேன்.

"நல்ல மீன் எது காக்கா?"

"நல்ல மீன் எதிர்வீட்டு ராத்தா எடுத்துட்டா. இனி இரிக்கிறது சுமாரான மீன்."

எதிர்வீட்டு ராத்தா வாசலில் நின்றபடியே, "புது மருமகனுக்குச் சுமாரான மீனா குடுக்கப் போறீங்க?" என்று கேட்டுச் சிரித்தார். தெருவின் நியாயம் தீர்ப்பதெல்லாம் அவர்தான். மீன்காரக் காக்காவின் முதல் வாடிக்கையும் அவர்தான். அவரை அதிகம் ஏசுவதும் அவர்தான்.

நான் படித்தது உயிரியல். பல்கலைக்கழகத்தில் கடைசி வருட ஆய்வுக்கு நான் எடுத்துக்கொண்டது கீரி மீனைத்தான். கை நீளம்கூட வராத வெள்ளி நிற மீன். கரைவலை இழுக்கும் இடத்துக்குத் தோழிகளோடு போய், மீன்களை வாங்கி, அளவுகோல் வைத்து அளந்து, வயிற்றைக் கீறி முட்டை எந்தப் பருவத்தில் இருக்கிறது என்று பார்த்துக் குறித்துக்கொண்டேன். கீரி தனியாக வாழத் தெரியாத மீன். ஆயிரக்கணக்கில் கூட்டமாகத்தான் திரியும். ஒரு கூட்டத்தில் இருப்பவை அநேகமாக ஒரே அளவாக இருக்கும். வாயைத் திறந்துகொண்டு நீந்தி, செவுளில் இருக்கும் சீப்புப் பற்களால் நீரில் மிதக்கும் கண்ணுக்குத் தெரியாத உயிர்களை வடித்துத் தின்னும். இதையெல்லாம் முப்பது பக்கத்தில் எழுதி நல்ல புள்ளியும் வாங்கினேன்.

ஆகவே அவருடைய பெட்டிக்கு முன்னால் எனக்குக் கொஞ்சம் கர்வம் இருந்தது. ஒரு நாள் வயிறு வெடித்த கீரிகளைப் பார்த்து, "இது பழசு" என்று ஒதுக்கினேன்.

"இதுதான் புள்ள இண்டைக்குப் பட்டது," என்றார். "வயிறு முட்டத் தீனி எடுத்துட்டு வலைக்க மாட்டினது. தின்ட தீனியே வயித்த வெடிக்க வெக்கும். அந்தா, வடிவா இரிக்கே, அதுதான் நேத்து மீன்."

வீட்டுக்கு வந்து பழைய குறிப்புகளைப் புரட்டினேன். அதில் நானே எழுதி வைத்திருக்கிறேன்: அதிகம் தீனி எடுத்த மீனின் வயிறு சீக்கிரம் வெடிக்கும் என்று. எழுதியவளுக்கு வாசலில் அது ஞாபகம் வரவில்லை.

நல்லதையும் சொல்வார், கெட்டதையும் சொல்வார். கேட்டாலும் சொல்வார், கேட்காவிட்டாலும் சொல்வார். முட்டை வைத்த காலத்தில், "கொழுப்பெல்லாம் முட்டைக்குப் போயிட்டு, பொரிச்சா ஈர்க்குச்சி மாதிரி வரும்" என்பார். வாடை அடங்கிக் கடல் தணிகிற மாதங்களில், "இண்டைக்கு வாங்காதீங்க, நாலு நாள் பொறுங்க, நல்ல கூட்டம் வருது, கரைக்குக் கிட்ட குருவி சுத்துது" என்பார். வியாபாரி சொல்லக்கூடிய வார்த்தையா இது? ராத்தா ஒரு நாள் கேட்டேவிட்டார்.

"காக்கா, மீன் விக்க வந்தீங்களா, மீன்ட குத்தம் சொல்ல வந்தீங்களா?"

"ரெண்டுக்கும்தான்."

இந்தக் குணம் மீனோடு நிற்கவில்லை. எங்கள் தெருவில் ஒரு பெண்ணுக்கு, அவர் குடியிருக்கும் பக்கத்திலிருந்து மாப்பிள்ளை பேசினார்கள். பெண்ணின் வாப்பா பொடியனைப் பற்றி விசாரிக்க இவரிடம் போனார். "தங்கமான பொடியன். ஆனா குறட்டை விட்டா மூணாம் வீட்டுக்குக் கேக்கும்" என்றாராம். பெண்ணின் உம்மா அழுதேவிட்டார். எப்படியோ கல்யாணம் நடந்தது. ஒரு மாதம் கழித்து அந்தப் பெண் எங்களிடம் சொன்னாள்: "எல்லாரும் எவ்வளவோ சொன்னாங்க, அதுல முழுசா உண்மையானது மீன்காரக் காக்கா சொன்னது மட்டும்தான்."

அவருடைய மனைவி வைத்த மீன் ஆணத்தில் உப்புக் குறைவு என்று சொன்னதற்காக ஒரு கிழமை, ஏழு நாளும், கடையில் சாப்பிட்டதையும் அவரே வந்து சொன்னார். "பொறுத்துக்கொண்டு திண்டிருக்கலாமே காக்கா?" என்றேன். "திண்டிருக்கலாம். அவதானே கேட்டா, எப்பிடி இரிக்கி எண்டு" என்றார்.

இப்படி எந்நேரமும் குறை சொல்லிக்கொண்டிருந்ததில் ஒரு கேடு இருந்தது. அவர் மெய்யாக எச்சரிக்கும்போதும் அது வழக்கமான குறையாகவே எங்கள் காதில் விழுந்தது.

என் மகளுக்குப் பதினான்கு மாதம் ஆனபோது அவளுடைய நிறை அட்டையில் கோடு மேலே ஏறாமல் படுத்துவிட்டது. கிளினிக்கில் மிட்வைஃப் மிஸ், "சின்ன மீன் குடுக்கத் தொடங்குங்க, முள்ளெடுத்து, மஞ்சள் போட்டு அவிச்சு, சோத்தோட பிசைஞ்சு" என்றார். "ஓம் மிஸ், இந்தக் கிழமையே" என்று சொல்லிவிட்டு வந்தேன். நான் சொன்னால் செய்கிறவள். பள்ளிக்கூடத்தில்கூட வீட்டுப் பாடம் செய்யாமல் போனதில்லை. ஆனால் அந்தக் கிழமை பார்த்துக் கடலில் மீன் இல்லை. மறுநாள் திரும்ப நிறை பார்க்கும் நாள் என்கிறபோதுதான் கரைவலையில் கீரி கொட்டோ கொட்டென்று பட்டது.

அப்படிப்பட்ட நாளில் எங்கள் தெருவைப் பார்க்க வேண்டும். வலை இழுத்தவர்கள் பங்காகக் கொண்டுவருவது, மீன்காரர்கள் கொண்டுவருவது எல்லாம் சேர்ந்து ஒவ்வொரு வீட்டுச் சட்டியிலும் கீரிதான். ஒரு வீட்டில் பொரித்தது அடுத்த வீட்டுக்குப் போகும். அந்தக் கோப்பை வெறுமையாகத் திரும்பாது, புளியாணத்தோடு வரும். எனக்கும் மூன்று கோப்பை வந்தது. மூன்றும் கொச்சிக்காய் உறைப்பு. குழந்தைக்கு ஆகாது. பச்சை மீன் வாங்க நான் போகவில்லை; பல் முளைக்கும் வேதனையில் அழுது அழுது ஓய்ந்து மகள் என் மடியில் தூங்கிவிட்டாள், எழும்ப மனம் வரவில்லை. அவள் விழித்தபோது பதினொன்றரை மணி. தெருவில் மீன்காரர் ஒருவரும் இல்லை.

அப்போதுதான் மீன்காரக் காக்கா ஹோர்ன் அடிக்காமல் போவதைப் பார்த்தேன். ஓடிப்போய் மறித்தேன்.

"கீரி இரிக்கா காக்கா?"

"முடிஞ்சி புள்ள. நாளைக்கு வாறன்."

"பெட்டிக்குள்ள என்ன?"

"அது தென்னைக்கு, பசளையா. என்ட மூணு தென்னைக்கும் இண்டைக்குப் பெருநாள்."

திறந்து காட்டச் சொன்னேன். அரைப் பெட்டி கீரி. வெள்ளிக்காசு போல மினுங்கியது.

"கண்ணெல்லாம் பளிச்செண்டு இரிக்கே. செவுளும் சிவப்புத்தானே?"

"கண்ணப் பாக்காதீங்க, மணியப் பாருங்க. ஏழு மணிக்குக் கரையேறின மீன். ஊர்ல ஐஸ் முடிஞ்சி. மணல்ல கிடந்து வெயிலக் குடிச்சிருக்கு. வெயில் குடிச்ச கீரி அடுப்புக்கும் பயப்படாது புள்ள. அவிச்சாலும் ஒண்டுதான், பொரிச்சாலும் ஒண்டுதான்."

நேற்றும் இப்படித்தான் ஏதோ குறை சொன்னார், முந்தநாளும் சொன்னார் என்று என் மனம் சொன்னது. நிறை அட்டையின் கோடு கண்ணுக்குள் நின்றது.

"எங்களுக்கில்ல காக்கா. பூனைக்கு. நாலு தாங்க."

அவர் என்னை ஒரு கணம் பார்த்தார்.

"பூனைக்குத்தானே?"

"ஓம்."

நான்கு மீனை எடுத்துத் தட்டில் போட்டார். காசு நீட்டினேன். "தென்னைட பங்குக்குக் காசெடுக்க ஏலா" என்று சிரித்தார். போகும்போது திரும்பி, "புள்ளைட வாயில வெச்சிராதீங்க" என்றும் சொன்னார்.

எங்கள் வீட்டில் பூனை இல்லை. இருந்ததும் இல்லை.

நன்றாகக் கழுவினேன். வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் அவித்தேன். கொதிக்க வைத்தால் கிருமி சாகும் என்பது எனக்குத் தெரியும். கிருமி செத்தாலும் அது மீனுக்குள் உண்டாக்கி வைத்த பொருள் சாகாது என்பதும் ஒரு காலத்தில் படித்ததுதான். படித்தவளுக்கு அடுப்படியில் அது ஞாபகம் வரவில்லை.

மகள் ஆசையாகத் தின்றாள். கால் மணித்தியாலத்தில் வாயைச் சுற்றிச் சிவந்தது. பிறகு கன்னம், காது, கழுத்து. பிறகு தின்றதையெல்லாம் சத்தி எடுத்தாள். நானும் உம்மாவும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குப் பறந்தோம். உம்மா மருந்துத் துண்டு எடுக்க வரிசையில் நிற்கும்போது டொக்டர் என்னிடம் கேட்டார், நான் அவருக்கு மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். "இது மீன் ஒத்துக்கொள்ளாத நோயில்லை" என்றார். "வெயிலில் கிடந்த மீனில் உண்டாகிற பொருள் செய்கிற வேலை. கீரி, சூரை மாதிரி மீன்களில் அது சீக்கிரம் உண்டாகும். மீனை நிறுத்தாதீர்கள். புது மீனாகக் கொடுங்கள்." மருந்து கொடுத்து அங்கேயே வைத்திருந்தார்கள். பின்னேரம் அஸர் தொழுகைக்கு முன் சிவப்பு இறங்கி, மகள் டொக்டரின் பேனையைப் பறிக்கத் தொடங்கிவிட்டாள்.

உம்மா தெருவுக்கு வந்ததும் சொன்னார்: "மீன்காரன்ட மீன் திண்டு புள்ள சாகப் பாத்திச்சு." நான் பக்கத்தில்தான் நின்றேன். பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

மறுநாள் காலை வழக்கம்போல, "எல்லாம் இண்டைக்கு மீன்!" என்று கூவிக்கொண்டு வந்தார். பெண்கள் வாசல்களில் காத்திருந்தார்கள். ராத்தா தொடங்கினார்.

"ஒவ்வொரு நாளும் எங்களுக்கு வியாக்கியானம் சொல்லுவீங்களே, நேத்து மட்டும் வாய மூடிட்டீங்களா? இந்தா, இவட புள்ளைய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டு மறுகாவும் மீனோட வாறீங்க!"

அவர் முதலில் கேட்டது, "புள்ளைக்கு இப்ப எப்பிடி?" என்றுதான்.

"அல்லாட காவல், தப்பிட்டு. ஒங்கட மீனா, இல்லையா?"

அவர் என்னைப் பார்த்தார். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு படலைக்கு உள்ளே நின்றேன். நான் மகளின் சட்டைப் பொத்தானைச் சரிசெய்தேன்.

"என்ட பெட்டி மீன்தான்," என்றார். "வெயில்ல கிடந்த மீன்தான்."

"பச்சப் புள்ள இரிக்கிற வீட்டுக்கா அதக் குடுத்தீங்க?"

"குடுத்தது பிழைதான்."

அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. தென்னையைப் பற்றியும் பூனையைப் பற்றியும் தன் எச்சரிக்கையைப் பற்றியும் மட்டும் ஒரு சொல் சொல்லவில்லை. மற்றவர்களின் குறட்டையைக்கூட விட்டுவைக்காத மனிதர்!

பெண்கள் ஏசி முடித்து உள்ளே போனார்கள். அவர் மோட்டார் சைக்கிளைத் திருப்பும்போது என் படலையடியில் நிறுத்தி, மெதுவாகக் கேட்டார்:

"பூனைக்குச் சுகமா புள்ள?"

"நல்லா இரிக்கி காக்கா."

"அல்ஹம்துலில்லாஹ்."

அவர் முகத்தில் இருந்தது கோபமா, கேலியா, மெய்யான விசாரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை.

தெரு அவரிடம் வாங்குவதை நிறுத்தியது. அவர் வருவதை நிறுத்தவில்லை. ஹோர்ன் அடிப்பார், கூவுவார், படலை ஒன்றும் திறக்காது, போய்விடுவார். ஐந்தாம் நாள் என்னால் தாங்க முடியவில்லை. எல்லோரும் பார்க்கப் போய் அரைக் கிலோ கீரி கேட்டேன்.

"இது விடிய, சுபஹுக்குப் பட்டது," என்றார். "ஐஸ்ல இருந்து எடுத்து ஐஸ்லதான் வெச்சன். புள்ளைக்குக் குடுக்கலாம்." பிறகு கொஞ்சம் தயங்கி, "நீங்க அவிச்சுக் குடுத்து முடியுமட்டும் நான் இஞ்சயே நிக்கன்" என்றார்.

மெய்யாகவே நின்றார். வேப்ப மர நிழலில் மோட்டார் சைக்கிளில் சாய்ந்து, பெட்டிக்கு மேலே ஈரச்சாக்கைப் போட்டுவிட்டு நின்றார். நான் அடுப்படியில் ஒவ்வொரு முள்ளாக எடுத்தேன். உம்மா, "புத்தி இரிக்கா ஒனக்கு? அவன்ட மீனா மறுகாவும்?" என்று கத்தினார். மகள் தின்றாள். கால் மணித்தியாலம் அவளுடைய கன்னத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கூடுதலாக இன்னொரு கால் மணித்தியாலமும் பார்த்தேன். பிறகு அவளை வாசலுக்குத் தூக்கிப் போனேன். அவர் எட்ட நின்றே கன்னத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பச் சொல்லிப் பார்த்தார். மகள் அவரைப் பார்த்துக் கையை நீட்டி, "இன்னும்" என்றாள். அவர் சிரித்த சிரிப்பு தெரு முழுவதும் கேட்டது.

ஆனால் தெரு அதை வேறு விதமாகப் படித்தது. "குத்தமுள்ள நெஞ்சு, காவல் நிக்கிறார் பாத்தியா?" என்று ராத்தா சொன்னது என் காதிலும் விழுந்தது. அப்போதும் நான் சொல்லவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். அடுத்த கிழமை அவர் வரவில்லை. பிறகு வரவே இல்லை.

இறக்காமத்தில் வேலை செய்யும் என் கணவர் போன வருடம் ஒரு செய்தி கொண்டுவந்தார். அங்கே வயல் பக்கத் தெருக்களில் ஒரு மீன்காரர், "ஒரு மணித்தியாலம் வெயில்ல ஓடி வந்த கடல் மீன்!" என்று கூவி விற்கிறாராம். பெண்கள் சிரித்துச் சிரித்து வாங்குகிறார்களாம். எனக்கு அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தது. அவர் நன்றாகத்தான் இருக்கிறார் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டேன்.

என் மகளுக்கு இப்போது ஐந்து வயது. கீரி என்றால் உயிர். முள்ளைத் தானே எடுத்து, தட்டின் ஓரத்தில் வரிசையாக அடுக்குவாள். நிறை அட்டைக் கோடு எப்போதோ ஏறிவிட்டது. எங்கள் தெருவில் சிறு பிள்ளைகளுக்குக் கீரி கொடுக்கும் வீடு எங்களுடையது மட்டும்தான். புதிதாகப் பிள்ளை பெற்றவர்களிடமெல்லாம் ராத்தா அந்தப் பழைய கதையைச் சொல்லிப் பயம் காட்டி வைத்திருக்கிறார்.

மூன்று நாளைக்கு முன் மகள் ராத்தாவின் வீட்டில் விளையாடிவிட்டு வந்து கேட்டாள்:

"உம்மா, நான் சின்னதா இருக்கக்குள்ள ஒரு கெட்ட மீன்காரன் எனக்கு நஞ்சு மீன் தந்தானாமே?"

"கெட்டவர் இல்ல மகள். நாளைக்குச் சொல்றன்" என்றேன். நேற்றும் கேட்டாள். இன்று பள்ளிக்கூடம் போகும்போதும் கேட்டாள்.

தெருவுக்குச் சொல்வது பெரிய காரியமில்லை என்று இப்போது தோன்றுகிறது. ராத்தா ஏசுவார், உம்மா இரண்டு நாள் கதைக்க மாட்டார், அவ்வளவுதான். முதலில் இறக்காமத்துக்குப் போய் அவரைப் பார்க்க வேண்டுமா, அவர் மூடி வைத்ததைத் திறக்க அவரிடம் அனுமதி கேட்க வேண்டுமா என்பதுகூடப் பிறகு யோசிக்கலாம். மகளுக்குத்தான் முதலில் சொல்ல வேண்டும். பொய் சொல்லக் கூடாது என்று நான் ஒவ்வொரு நாளும் சொல்லிக் கொடுக்கிற பிள்ளை அவள். அவர் சொன்னது உண்மை, பொய் சொன்னவள் உம்மா, அந்தப் பொய்யை உன் வாயில்தான் ஊட்டினேன் என்று ஐந்து வயதுப் பிள்ளையிடம் எப்படித் தொடங்குவது? கேட்டபின் என் கையால் சோறு வாங்கப் பயப்படுவாளா? இன்னும் கொஞ்சம் வளரட்டும் என்று விட்டால், அதற்குள் ராத்தாவின் கதை அவளுக்குள் ஊறிவிடாதா?

பிள்ளை வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் யாராவது எனக்கு எழுதுங்கள். முழுக் கதையும் வேண்டாம். முதல் வசனம் எதுவாக இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்லித் தாருங்கள். ஒன்றரை மணிக்கு அவள் பள்ளிக்கூடம் விட்டு வந்துவிடுவாள்.